'பர்ப்பிள் ரெயின்': படத்தால் ஓடிய பாட்டா?

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அதே பெயரில் அவர் நடித்த படம் ஓடியதால் பாட்டும் ஓடியது என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. படத்தைத் தூக்கி நிறுத்தியதே பாட்டுதான்.

ஆல்பம் வந்தது 1984 ஜூன் 25. படம் வந்தது ஜூலை 27. அதற்குள் 'வென் டவ்ஸ் க்ரை' தனிப்பாட்டாக வந்து அமெரிக்காவில் முதலிடத்தையே பிடித்துவிட்டது. பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கூட்டம் தியேட்டருக்குப் போனது.

தலைப்புப் பாட்டின் கதை இன்னும் சுவாரசியம். 1983 ஆகஸ்ட் 3, மினியாபொலிஸில் ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப். ஒரு நடனக் குழுவுக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரி. படப்பிடிப்பே அப்போது தொடங்கவில்லை. வெண்டி மெல்வாயின் என்ற 19 வயதுப் பெண், பிரின்ஸ் குழுவில் கிட்டாரோடு முதல்முறை மேடையேறியதும் அன்றைக்குத்தான். பாட்டின் ஆரம்பத்தில் வரும் கிட்டார் அவருடையது. அந்த ஒலிப்பதிவையே எடுத்து, ஒரு சரணத்தை வெட்டி, வயலின்களைச் சேர்த்து ஆல்பத்தில் வைத்துவிட்டார் பிரின்ஸ். இன்னும் இரண்டு பாட்டுகளுக்கும் அதே கச்சேரிதான் அடித்தளம். முதன்முதலாகக் கேட்கும் கூட்டத்துக்கு முன் வாசிக்கும்போது வரும் பதற்றத்தை எந்த ஸ்டுடியோவும் தராது.

'வென் டவ்ஸ் க்ரை' மட்டும் வேறு ரகம். இயக்குநர் ஆல்பர்ட் மக்னோலி கேட்டதால் காட்சிக்கென்றே எழுதியது. எல்லா வாத்தியங்களையும் பிரின்ஸே வாசித்தார். அப்புறம், பதிந்து வைத்திருந்த பேஸை, அதாவது தாளத்தைத் தாங்கும் அடிநாத கிட்டாரை, அப்படியே எடுத்துவிட்டார்! ஆட வைக்கும் பாட்டில் பேஸ் இல்லை என்றால் அன்று எந்தத் தயாரிப்பாளரும் தலையில் கை வைத்திருப்பார். அந்தப் பாட்டுதான் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் 1984 ஆண்டுப் பட்டியலில் முதலிடம்.

படம்? மேடைக் காட்சிகளை எடுத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஒரு பெண்ணைக் குப்பைத் தொட்டியில் தூக்கிப் போடுவதை நகைச்சுவை என்று வைத்திருக்கிறார்கள். இன்று பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஆல்பமோ தொடர்ந்து 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடல்களுக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

படத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. தலைப்புப் பாட்டை மட்டும் ரேடியோவுக்காகச் சுருக்கிய வடிவத்தில் கேட்காதீர்கள். கடைசியில் வரும் அந்த நீண்ட கிட்டார் வாசிப்பின் பெரும்பகுதியை அதில் வெட்டிவிட்டார்கள்.