பஞ்சத்தைத் தடுக்கத் தெரிந்தவர்தான் டெம்பிள்

தாது வருஷப் பஞ்சம் (1876-78) என்று பேச்சு வந்தாலே நாம் மழையைத்தான் குறை சொல்கிறோம். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் வைஸ்ராய் லிட்டனைத் திட்டுவார்கள். அன்றைய பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. என் கோபம் முழுக்க இந்த மனிதர் மேல்தான்.

1866 ஒரிசா பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அடுத்து 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தபோது நிவாரணப் பொறுப்பு டெம்பிள் கைக்கு வந்தது. பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி வந்து இறங்கியது. உழைக்க முடிந்தவர்களுக்கு வேலையும் கூலியும், முடியாதவர்களுக்குச் சும்மாவே தானியம். பட்டினிச் சாவு கிட்டத்தட்ட இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சியிலும் பஞ்சத்தில் மக்களைக் காப்பாற்ற முடியும் என்று செய்தே காட்டியவர் இவர்.

அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, வசவு. காசைத் தண்ணீராய் இறைத்துவிட்டார், பட்டினி கிடப்பவனைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் கடமை என்று இந்தியர்களை நினைக்க வைத்துவிட்டார் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகளே எழுதின. டெம்பிள் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டார்.

1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்த தர்பார். அதே மாதம் லிட்டன் இவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் குறைக்க வேண்டும், அதுதான் வந்த வேலை. நிவாரணப் பட்டியலிலிருந்து ஏராளமானவர்களை நீக்கச் சொன்னார். நாள் முழுக்க வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓர் அணா என்று கூலியைக் குறைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். அரிசியாகவே வைத்துக்கொண்டாலும் சுமார் 1,600 கலோரி. அதைத் தின்றுவிட்டு வெயிலில் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த உடம்பு அது. உப்பு, பருப்பு, விறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஓர் அணா, அதுவும் பஞ்ச விலையில்!

'அந்தக் காலத்து வெள்ளை அதிகாரிகள் அப்படித்தான், இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே சென்னையில், அதே அரசாங்கத்தில் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷும் வெள்ளைக்காரர்தான். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று அவர் விடாமல் எழுதினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்தி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. டெம்பிள் கொடுத்ததற்கும் கார்னிஷ் கேட்டதற்கும் நடுவில்தான் அது. இந்தப் பஞ்சத்தில் இந்தியாவின் தெற்கிலும் மேற்கிலும் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்கிறார்கள்.

லிட்டன் இந்தியாவுக்கே புதிது, 1876இல் வந்து இறங்கியவர். டெம்பிள் அப்படியில்லை. இந்த நாட்டில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். எவ்வளவு தானியம் இருந்தால் உயிர் நிற்கும் என்று அவருக்கு பீகாரிலேயே தெரியும். தெரிந்தும் குறைத்தார். அந்த 1877லேயே பம்பாய் கவர்னர் ஆனார்.