டெவலப்பர் மாநாட்டில் டெவலப்பருக்கு மைக் எங்கே?

ஆப்பிளின் டபிள்யூடபிள்யூடிசி பற்றி நான் எப்போது குறை சொன்னாலும் மார்த்தாண்டத்து நண்பன் ஒருவன் ஒரே பதிலைத்தான் கையில் வைத்திருக்கிறான். “ஓசியில வீடு தேடி வருது. இன்னும் உனக்கு என்னடே வேணும்?”

அவன் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐபோனுக்கும் மேக்குக்கும் ஆப் எழுதுகிறவர்களுக்காக ஆப்பிள் ஆண்டுக்கொரு முறை நடத்தும் மாநாடு இது. எண்பதுகளிலிருந்து நடக்கிறது. நீண்ட காலம் அதற்கு டிக்கெட் கிடைப்பது பெரிய காரியமே இல்லை. ஐபோனில் வெளியாட்கள் எழுதிய ஆப்கள் வரப்போகின்றன என்று தெரிந்த 2008-இல்தான் முதன்முறையாக அத்தனை டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தது. அதற்கப்புறம் ஆரம்பித்தது தள்ளுமுள்ளு. 2012-இல் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. அந்த ஆண்டு விற்பனையைக் கலிபோர்னியா நேரப்படி அதிகாலை ஐந்தரைக்குத் திறந்துவிட்டார்கள். மாநாடு நடக்கிற ஊரிலேயே குடியிருப்பவர்கள் எழுந்து பல் தேய்ப்பதற்குள் டிக்கெட் போய்விட்டது. (நமக்கு அது மாலை ஆறு மணி. நேர வித்தியாசம் நமக்குச் சாதகமாக அமைந்த ஒரே சந்தர்ப்பம். அதையும் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய?) 2013-இல் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. 2014-இலிருந்து குலுக்கல் முறை.

டிக்கெட் விலை அப்போது 1,599 டாலர். 2013 மதிப்பில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதற்கு மேல் விசா, சென்னையில் நேர்காணல், விமானம், சான்பிரான்சிஸ்கோ ஓட்டல் வாடகை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆப் எழுதுகிறவர்கள் யார் என்று பார்த்தால் பாதிப் பேர் காலை ரயிலைப் பிடித்துக் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள். மீதிப் பேர் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் துணிக்கடைக்கும் லேபுக்கும் மேலே ஒரு மாடி எடுத்து, வெளிநாட்டு வேலையை வாங்கிச் செய்கிறவர்கள். இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்க்கக்கூட அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

2020-இல் கொரோனா வந்து அரங்கத்தைப் பூட்டியது. அந்த ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி மாநாடு முழுவதும் இணையத்துக்கு வந்தது. கட்டணம் இல்லை. ஆப்பிளின் ஊரான குப்பர்டினோவில் இருப்பவனுக்கும் கோட்டாறில் இருப்பவனுக்கும் ஒரே நேரத்தில் ஒரே படம். இங்கே இரவு பத்தரை, அவ்வளவுதான் வித்தியாசம். உண்மையில் 2013-லேயே அமர்வுகளின் வீடியோவை மாநாடு முடியும்வரை காத்திருக்காமல் டெவலப்பர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மாநாட்டில் சொன்னதை வெளியே பேசக்கூடாது என்ற ரகசிய ஒப்பந்தத்தையும் 2014-இல் தளர்த்தினார்கள். ஆப் எழுத உதவும் ஸ்விஃப்ட் மொழி வந்த ஆண்டும் அதுதான். நாங்கள் ஸ்விஃப்ட் படித்ததே அந்த வீடியோக்களில்தான். இன்றும் அவற்றைவிட நல்ல பாடம் கிடையாது. கோச்சிங் சென்டர்களில் கொட்டிய பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது, அது வேறு கதை.

ஆக, பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. என் கேள்வி, திருப்பிப் பேசுவது பற்றி.

1997 மே மாதம் சான் ஹோசேயில் நடந்த மாநாட்டைப் பாருங்கள். அப்போது ஆப்பிள் கிட்டத்தட்ட முங்கிக்கொண்டிருந்த கம்பெனி. முந்தைய டிசம்பரில்தான் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கி அவரை ஆலோசகராகக் கூட்டி வந்திருந்தார்கள். தலைமைப் பொறுப்பு இன்னும் கில் அமெலியோவிடம். ஜாப்ஸ் மேடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பேச்சு எதுவும் தயாரித்து வராமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டத்தின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். யார் வேண்டுமானாலும் மைக்கில் கேட்கலாம். பல மென்பொருள் துண்டுகளை ஒரே ஆவணத்துக்குள் சேர்த்து வேலை செய்ய வைக்கும் ஓபன்டாக் என்ற தொழில்நுட்பத்தை ஆப்பிள் அப்போது கைவிட்டிருந்தது. அதை நம்பி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் அந்த அரங்கத்திலேயே இருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் மைக்கைப் பிடித்து, நீங்கள் பேசிய பல விஷயங்களில் என்ன பேசுகிறோம் என்றே உங்களுக்குத் தெரியவில்லை என்று ஜாப்ஸின் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஓபன்டாக் செய்ததை ஜாவா என்ற நிரல் மொழி எப்படிச் செய்யும் என்று விளக்குங்கள், அது முடிந்ததும் கடந்த ஏழு ஆண்டுகளாக நீங்கள் என்ன கிழித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள் என்று முடித்தார்.

கோவில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும் ஊர்க்கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எழும்பி நிற்பாரே, அந்த ரகம்.

ஜாப்ஸ் உடனே பதில் சொல்லவில்லை. நேரம் எடுத்துக்கொண்டார். ஓபன்டாக் செய்கிற சிலது வேறு எதனாலும் முடியாததாக இருக்கலாம், எனக்குத் தெரியாததுகூட அதில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம்தான், தொழில்நுட்பத்தில் தொடங்கி அதை எங்கே விற்பது என்று தேடக்கூடாது, வாங்குகிறவரின் அனுபவத்தில் தொடங்கித் தொழில்நுட்பத்துக்குப் பின்னோக்கி வரவேண்டும் என்ற, இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அந்தப் பதில் வந்தது. முதல் லேசர் பிரிண்டரிலிருந்து வந்த தாளைப் பார்த்தபோது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விளக்கவே வேண்டாம், இந்தத் தாளைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று தோன்றியதைச் சொன்னார். அந்தப் பதிலை ஊக்க உரைகளில் வெட்டி ஒட்டுகிறவர்கள் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். அந்த முரட்டுக் கேள்வி இல்லையென்றால் அந்தப் பதிலே இல்லை.

பதில் அழகாக இருந்தது என்பதோடு இது நிற்கவில்லை. டெவலப்பர்கள் வேண்டாம் என்றால் ஆப்பிள் திட்டத்தையே மாற்றிய காலம் அது. ராப்சடி என்ற புதிய இயங்குதளத்துக்காக எல்லோரும் தங்கள் மென்பொருளை முதலிலிருந்து திரும்ப எழுதவேண்டும் என்று 1997-இல் சொன்னார்கள். அடோபியும் மைக்ரோசாஃப்டும் அதற்கு மசியவில்லை. ஃபோட்டோஷாப்பும் வேர்டும் இல்லாத மேக்கை யார் வாங்குவார்கள்? 1998 மாநாட்டில் ஆப்பிள் இறங்கி வந்தது. பழைய மென்பொருளை ஓரளவு திருத்தினால் போதும், புதியதில் ஓடும் என்று கார்பன் என்ற வழியை அறிவித்தார்கள். மேக் ஓஎஸ் எக்ஸ் பிழைத்ததற்கு அந்த இறக்கம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

2007-இலும் ஒருமுறை நடந்தது. ஐபோன் கடைக்கு வரச் சில வாரங்களே இருந்த நேரம். வெளியாட்கள் ஆப் எழுத வழி இல்லை, சஃபாரியில் ஓடும் வலைப்பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள், அதுவே இனிமையான தீர்வு என்றார் ஜாப்ஸ். அரங்கத்தில் கைதட்டல் சுருதி இறங்கிப்போனது. யாரும் அதை இனிமை என்று ஏற்கவில்லை. ஐபோனுக்கு ஆப்பிள் போட்ட மென்பொருள் பூட்டை உடைத்து உள்ளே போய் ஆப் எழுதத் தொடங்கினார்கள். அக்டோபரில் ஆப்பிள் மனம் மாறியது, 2008 மார்ச்சில் ஆப் எழுதுவதற்கான கருவித் தொகுப்பான எஸ்டிகே வந்தது, ஜூலையில் 500 ஆப்களோடு ஆப் ஸ்டோர் திறந்தது. இன்று எங்கள் மாடி அலுவலகத்தின் வாடகை அந்தக் கடையிலிருந்துதான் போகிறது.

(2002-இல் மேடையில் சவப்பெட்டியைக் கொண்டுவந்து மேக் ஓஎஸ் 9-க்கு இறுதிச் சடங்கு நடத்தியதும், 2005-இல் இத்தனை நேரம் நான் காட்டிய கம்ப்யூட்டருக்குள் இருப்பது இன்டெல் சிப் என்று சொல்லி எல்லோர் வாயையும் பிளக்க வைத்ததும் நல்ல நாடகங்கள். ரசிக்கலாம். இந்தப் பதிவுக்கு அவை தேவையில்லை.)

ஐபோன் பெரிதாகப் பெரிதாக மாநாடும் உலகத்துக்கான அறிவிப்பு விழாவாக மாறியது. பங்குச் சந்தைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கவனிக்கிற மேடையில் பின்வரிசைக்காரர் கையில் மைக்கைக் கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் துணிவு வராது. இதில் ஆப்பிளை மட்டும் சொல்லிப் பயனில்லை. கூகுளின் டெவலப்பர் மாநாடான ஐ/ஓ 2008-இல் தொடங்கியது. அங்கே சில ஆண்டுகள் வந்தவர்களுக்கெல்லாம் போனும் டேப்லெட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள், 2012-இல் வானத்திலிருந்து கூகுள் கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கண்ணாடியோடு ஆட்களைக் குதிக்க வைத்தார்கள். அதுவும் விழாதான்.

2022-இலிருந்து குலுக்கலில் தேர்வாகிறவர்களை ஆப்பிள் மறுபடி நேரில் அழைக்கிறது. அவர்களும் ஆப்பிளின் தலைமை அலுவலகமான ஆப்பிள் பார்க்கில் உட்கார்ந்து முன்பே எடுத்த படத்தைத்தான் பெரிய திரையில் பார்க்கிறார்கள். விசா எடுத்து, விமானம் ஏறி, அவ்வளவு தூரம் போய், நாம் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கிற அதே படம்! சிரிக்காமல் என்ன செய்ய?

அப்படியானால் டெவலப்பர்களின் கேள்வி எங்கே போயிற்று என்றால், தெருவுக்குப் போயிற்று. 2020 மாநாட்டுக்கு முந்தைய வாரம் ஹே என்ற மின்னஞ்சல் ஆப்பின் அப்டேட்டை, ஆப் ஸ்டோர் விதியை மீறியதாகச் சொல்லி ஆப்பிள் தடுத்தது. அதை எழுதியவர்கள் ட்விட்டரில் ஊரைக் கூட்டினார்கள். மாநாடு தொடங்கிய நாளிலேயே, விதியையே எதிர்த்து முறையிட வழி செய்கிறோம், பிழைத் திருத்தங்களை விதிமீறலுக்காக நிறுத்தி வைக்கமாட்டோம் என்று ஆப்பிள் அறிவித்தது. ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் நிறுவனம் ஆப் ஸ்டோர் விதிகளை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போய்விட்டது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கிறவர்களுக்கு ஆப் விற்பனையில் ஆப்பிள் எடுக்கும் 30 சதவீதக் கமிஷன் 15 ஆகக் குறைந்ததும் அதற்குப் பிறகு, 2021 ஜனவரியில்தான். எங்களுக்கு அது பெரிய உதவி. 2025-இல் லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றத்தைக் காட்டியபோது எழுத்தே தெரியவில்லை என்று எல்லோரும் கத்தினார்கள், ஐஓஎஸ் 26.1-இல் கண்ணாடியை மங்கலாக்க ஒரு தேர்வைச் சேர்த்தார்கள்.

ஆக, கத்தினால் கேட்கிறார்கள். ஆனால் யார் கத்தினால்? லட்சம் பேர் பின்தொடர்கிறவர்கள் கத்தினால். செட்டிகுளத்து மாடியிலிருந்து ஒரு பையன் கத்தினால் அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது.

எங்கள் குரலும் அவர்கள் காதில் விழுந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன். மாநாடு இணையத்துக்கு வந்த பிறகும் லேப் என்ற ஒன்றை விடாமல் வைத்திருந்தார்கள். முன்பதிவு செய்தால் ஆப்பிள் எஞ்சினியர் ஒருவர் வீடியோவில் தனியாக நம்மோடு பேசுவார். எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் ஒரு கீர்த்தனை ஆப் எழுதிக்கொண்டிருந்தான். பாட்டு ஓட ஓட வரிகள் நிறம் மாறவேண்டும். ஆங்கிலப் பாட்டில் சரியாக வரும். தமிழில் பாதி வரியில் நிறம் நின்றுவிடும், சில இடங்களில் எழுத்துக்கு நடுவிலேயே. அவனுக்குக் கிடைத்த நேரம் நம் கணக்கில் இரவு ஒன்றரை. மழையில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு கட்டன் சாயாவோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த எஞ்சினியருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஒரு சின்னச் சொல்லை வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். தம்பி நாகர்கோவில் என்று தட்டினான். ஸ்விஃப்ட் அதை 6 எழுத்து என்று எண்ணுகிறது. நாம் எண்ணுவது போலவே நா, க, ர், கோ, வி, ல். ஆனால் நிறம் பூசுகிற பகுதி, ஸ்விஃப்டுக்கு முந்தைய பழைய என்எஸ்ஸ்ட்ரிங் வழியில் எண்ணுகிறது. அதற்குக் காலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு, மொத்தம் 11. தம்பி 6 என்று சொல்லி அனுப்ப, 11-இல் 6 வரை பூசிவிட்டு ‘கோ’வின் நடுவில் நின்றது நிறம். நீளத்தை நீங்களே எண்ணாதீர்கள், எங்கிருந்து எதுவரை என்று சொல்லும் ஸ்விஃப்ட் ரேஞ்சைப் பழைய வழிக்கான என்எஸ்ரேஞ்சாக மாற்றித்தர இனிஷியலைசர் என்ற தயார் வழி ஒன்று இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள் என்று அவர் காட்டினார். ஒரு வரி மாற்றம். ஓட்டிப் பார்த்தபோது வரி முழுக்க நிறம் ஓடியது. அவரும் மகிழ்ந்துபோய், வேறு ஏதாவது சொல் தட்டிக் காட்டுங்கள் என்று கேட்டார்.

இதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எதைத் தேடுவது என்று தெரிந்தவனுக்கு இருக்கிறது. நம் எழுத்து உடைவதை அவர்களுடைய ஆள் ஒருவர் கண்ணால் பார்த்தார் என்பது எந்த ஆவணத்திலும் கிடைக்காது.

2025-இல் இந்தத் தனி லேப்புக்குப் பதிலாகக் குழு லேப் வந்தது. நிறையப் பேர் சேர்ந்து கேட்பார்கள், கேள்வியை எழுதி அனுப்பவேண்டும், அதில் சிலதை எடுத்துப் பதில் சொல்வார்கள். அதிகம் பேருக்குப் பயன் என்பது உண்மை. ஆனால் நூறு பேருக்குப் பொதுவான கேள்விதான் அங்கே மேலே வரும், கீர்த்தனை வரியில் ‘கோ’ உடைகிறது என்பது வராது. மார்த்தாண்டத்து நண்பனிடம் நான் சொல்வதும் இதைத்தான். ஓசியில் வருகிற படம் கூடிக்கொண்டே போகிறது, தனியாகக் கிடைத்த அரை மணி நேரம் போய்விட்டது. இதில் எது நமக்கு அதிகம் தேவை என்று அவன் யோசிக்கட்டும்.

என்னைக் கேட்டால் மேடை விழா எப்படியும் போகட்டும். தனி லேப்பைத் திரும்பக் கொண்டு வரவேண்டும், அதில் கொஞ்சமாவது நம் பகல் நேரத்தில் இருக்கவேண்டும். பெங்களூரில் 2017-லேயே டெவலப்பர்களுக்காக ஒரு மையம் திறந்திருக்கிறார்கள். மாநாட்டு வாரத்தில் அங்கே ஒரு நாள் எங்களுக்கு ஒதுக்கினால் நாகர்கோவில் ஜங்ஷனில் சாயங்காலம் ஏறிக் காலையில் போய் நிற்போம். இதை ஆப்பிளின் ஃபீட்பேக் வழியாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று, நம் பசங்களுக்கு. அடுத்த ஜூனில் வடசேரி பக்கம் ஹால் எடுத்து பத்தரை மணிக்கு எல்லோரும் சேர்ந்து கீநோட் எனும் தொடக்க உரையைப் பார்க்கலாம் என்று சிலர் கேட்கிறீர்கள். அதற்கு நான் வரவில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பகலில் வையுங்கள். புரொஜெக்டர் வேண்டாம். அவரவர் லேப்டாப்பில் உடைந்து கிடப்பதைக் கொண்டு வாருங்கள். வாடகையில் பாதியை நான் தருகிறேன். சாயாவும் ரசவடையும் தக்கலைக்காரர்கள் பொறுப்பு.