மூலத் தரவுக்குப் பகிர்வுக் கோப்புறை போதுமா?

பவர் பிஐ ரிப்போர்ட் சர்வரை (தரவு அறிக்கைகளை நிறுவனத்தின் சொந்தக் கணினியிலிருந்தே வெளியிட உதவும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) நிறுவுவோர், அறிக்கைகளுக்கான மூலத் தரவு உள்ள எக்செல் கோப்புகளை அலுவலக நெட்வொர்க்கில் உள்ள பகிர்வுக் கோப்புறையில் வைத்தாலே போதும் என்று ஒரு கட்டுரை கூறுகிறது. சிறிய அலுவலகத்துக்கு அது பொருந்தும். ஆனால் 'இசட்' போன்ற டிரைவ் எழுத்தைப் பாதையாகக் கொடுத்தால், அந்த எழுத்து அதை இணைத்த பயனருக்கு மட்டுமே தெரியும் என்பதால், அவரது கணினியில் ஒழுங்காகத் திறக்கும் அறிக்கை, இரவில் சர்வரில் தானாக நடக்க வேண்டிய தரவுப் புதுப்பிப்பின்போது நின்றுவிடும். இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்து, புதுப்பிப்புக்கெனப் பதிந்து வைக்கும் விண்டோஸ் கணக்குக்குப் படிக்கும் உரிமையை மட்டும் அளிப்பதே முறை.

விற்பனைத் தரவு நாள்தோறும் பெருகும் நிறுவனமானால், தனி எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளமே ஏற்றது. யாரோ ஒருவர் மாலையில் எக்செல் கோப்பில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவதும் (எந்தச் சுற்றறிக்கையாலும் இதைத் தடுக்க முடிவதில்லை), மறுநாள் காலை அறிக்கை பிழை காட்டுவதும் அதனால் பெரும்பாலும் தவிர்க்கப்படும். தரவை இறக்குமதி செய்து வைத்திருக்கும் அறிக்கைக் கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், பெரிய அட்டவணைகளுக்கு, தரவை இறக்குமதி செய்யாமல் தேவைப்படும்போது தரவுத்தளத்திலிருந்தே நேரடியாகப் பெறும் டைரக்ட்குவெரி முறையும் அப்போது கைகொடுக்கும். எனினும், இடம் இருக்கிறதே என்று 'ரிப்போர்ட்சர்வர்' என்னும் உள் தரவுத்தளத்திலேயே சொந்த அட்டவணைகளை உருவாக்க வேண்டாம். அறிக்கைகள், அனுமதிகள், புதுப்பிப்பு நேரங்கள் ஆகியவற்றைச் சேமிப்பதற்காக பவர் பிஐ ரிப்போர்ட் சர்வரே நிர்வகிக்கும் இடம் அது.