மூக்கை மூடினால் மோப்பம் போய்விடுமா?

"பிளாட்டிபஸ் தண்ணீருக்குள் மூக்கை மூடிக்கொள்ளும், அதனால் முட்டையிடும் பாலூட்டிகளுக்கு மோப்ப மரபணுக்களே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. வாத்துபோல அலகுள்ள இந்த முட்டையிடும் பாலூட்டி, முங்கும்போது கண், காது, மூக்கு மூன்றையும் மூடிவிடும். இரையின் தசை அசையும்போது எழும் மின்துடிப்பை அலகால் உணர்ந்துதான் பிடிக்கிறது.

இரண்டாம் பாதிதான் உதைக்கிறது. பிளாட்டிபஸிடம் வேலை செய்யும் மோப்ப ஏற்பி மரபணுக்கள் (வாசனையை உணரும் ஏற்பிகளை உருவாக்குபவை) சுமார் 300 உண்டு. நமக்கே ஏறத்தாழ 400தான்! அப்புறம், பாம்பு நாக்கை நீட்டி நீட்டி வாசனை பார்க்கிறதே, அதற்கு உதவும் ஜேக்கப்சன் உறுப்பு இதற்கும் இருக்கிறது. அந்த உறுப்புக்கான 'வி1ஆர்' வகை மரபணுக்கள் மட்டும் 260 அளவில் உள்ளன. 2008இல் இதன் மரபணுத்தொகுதி வெளியானபோது பலரையும் வியக்க வைத்த விஷயமே இதுதான். மனிதரில் இந்த வி1ஆர் மரபணுக்கள் பெரும்பாலும் செயலிழந்துவிட்டன.

உடலெங்கும் முள்ளுள்ள எக்கிட்னாவும் முட்டையிடும் பாலூட்டிதான், ஆனால் கணக்கு தலைகீழ். மண்ணுக்குள் மூக்கை நுழைத்து எறும்பும் கறையானும் தேடும் அதற்கு மோப்ப மரபணுக்கள் 700ஐ நெருங்கும், வி1ஆர் 30கூட வராது. இந்த இரண்டையும் அவர் எப்படி ஒரே வரியில் அடக்கினார் என்றுதான் புரியவில்லை.