பிளாக் ஓட்டினால் வரலாறு அழியாது

“முழுத் திட்டத்தையும் ஒரே மூச்சில் பிளாக் (Black, பைதான் நிரலை ஒரே பாணிக்கு மாற்றும் கருவி) கொண்டு ஒழுங்குபடுத்தினால், எந்த வரியை யார் எழுதினார் என்ற வரலாறே போய்விடும்” என்று ஒரு தம்பி அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) எதுவும் அழிவதில்லை. அதன் பிளேம் (blame) கட்டளை கடைசியாக வரியைத் தொட்டவரைக் காட்டுகிறது, அவ்வளவுதான். 2019 ஆகஸ்டில் வெளிவந்த கிட் 2.23 முதல், ஒழுங்குபடுத்திய கமிட்டின் (பதிவுசெய்த மாற்றத்தின்) அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அதைத் தாண்டிப் பார்க்கும்படி பிளேமுக்குச் சொல்லலாம். பைதான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோ 2022 பெப்ரவரியில் பிளாக்கிற்கு மாறியபோது அப்படித்தான் செய்தது. ஆனால் கிட் அந்தக் கோப்பைத் தானாகத் தேடாது. அவரவர் கணினியில் ஒருமுறை அமைக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

உண்மையான தலைவலி, இன்னும் முதன்மை நிரலோடு இணைக்கப்படாத கிளைகள், அதாவது அதிலிருந்து பிரிந்து தனியே வேலை நடக்கும் பிரதிகள். வெள்ளவத்தையில் எங்கள் சிறிய அலுவலகத்தில் இரு பக்கமும் ஒரே வரியை மாற்றியதால் வரும் மோதல்களை நாள் முழுக்கத் தீர்த்திருக்கிறோம், பாதி வெறும் மேற்கோள் குறிகளுக்காக! ஒழுங்குபடுத்தலுக்கு முந்திய கமிட்டை முதலில் கிளையில் இணையுங்கள். அங்கே அதே பதிப்புப் பிளாக்கை ஓட்டி, கமிட் செய்யுங்கள். பிறகு ஒழுங்குபடுத்திய கமிட்டை மட்டும் இணைத்து, மோதும் இடங்களில் உங்கள் பக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாறினால் மறுபடியும் மல்லுக்கட்டுதான்.