குற்றவாளியை முகம் காட்டிக்கொடுக்குமா?

"முக அமைப்பை வைத்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம், அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று பரவும் தகவல் தவறு.

1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, பெரிய தாடையையும் சரிந்த நெற்றியையும் 'பிறவிக் குற்றவாளி'யின் அடையாளங்கள் என்றார். இங்கிலாந்தின் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, மாணவர்கள், படைவீரர்களோடு ஒப்பிட்டார். அப்படி ஓர் உடல்வகையே இல்லை என்பது 1913இல் அவர் வெளியிட்ட முடிவு.

2016இல் அதே கூற்று கணினி நிரலின் பெயரில் திரும்பி வந்தது. கோளாறு, குற்றவாளியை இனங்காண அந்த நிரலுக்குக் கற்பிக்கக் கொடுத்த முகப்படங்களில் இருந்தது. குற்றவாளிகளுடையவை அடையாள அட்டைப் படங்கள். மற்றவர்களுடையவை இணையத்தில் எடுத்தவை, பலவற்றில் சட்டைக் காலரும் லேசான புன்னகையும். நிரல் அந்த வித்தியாசத்தையே கற்றிருக்கலாம்.

இன்னொன்று, இதுவே பெரிது: தண்டனை பெற்றவர்களின் பட்டியலில் பிடிபடாதவர்கள் இல்லை. முகத்தைப் பார்த்துச் சந்தேகிக்கும் பழக்கமும் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே கலந்திருக்கிறது.