ஸ்கேன் மட்டும் காரணமில்ல

ஸ்கேன் வந்ததாலதான் அமெரிக்காவுல போஸ்ட்மார்ட்டம் கொறஞ்சுபோச்சுன்னு கட்டுரையில போட்டிருக்கீங்க, அது பாதிதான் சார். 1940கள்ல அங்க ஆஸ்பத்திரியில எறந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பண்ணிட்டிருந்தாங்க, 1970 வாக்குல ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு இத்தனை சதவீதம் பண்ணியே ஆகணும்ங்கிற விதியைத் தூக்கிட்டாங்க, அப்பறம் யாரு பண்ணுவா? இன்சூரன்ஸும் பொதுவா குடுக்காது, குடும்பம் தனியா பண்ணச் சொன்னா ஆயிரக்கணக்குல டாலர் கைக்காசு.

1972ல மொத்த சாவுல 19 சதவீதத்துக்குப் போஸ்ட்மார்ட்டம் நடந்துச்சு, 2007ல 8.5தான். கொலை, விபத்து கேஸ்ல எல்லாம் கொறையல, விழுந்தது பூரா நோய்ல செத்தவங்க பக்கம், அதுல 17 சதவீதத்துல இருந்து 4க்கு வந்திருச்சு. எனக்கு வயித்தெரிச்சலே இதுதான். மாரடைப்புன்னு நெனச்சுட்டிருப்பாங்க, தொறந்து பாத்தா கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி கெளம்பிப் போயி நுரையீரல் குழாயை அடைச்சிருக்கும். தொறக்கலைன்னா சர்ட்டிபிகேட்ல மாரடைப்புதான், புள்ளிவிவரத்துலயும் அதேதான், வைத்தியம் பாத்த டாக்டருக்கும் கடைசிவரைக்கும் தெரியாது.

இன்னொண்ணு, 1995ல இருந்து 2002 வரைக்கும் அங்க தேசிய அளவுல இந்தக் கணக்கையே சேகரிக்கல, அதையும் கட்டுரையில சேருங்க ப்ளீஸ்.